விசைப்பலகையும் தமிழ் மாணவரும்

தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்கு நடவுக் காட்சி புதியதன்று. ஒரத்தநாட்டிலிருந்து எத்திசையில் ஒரு கல் தொலைவு நடந்தாலும், பருவம் வாய்த்திருந்தால், சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களைக் காணலாம். இடக்கை நாற்று முடியைப் பற்றியிருக்கும். வலக்கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்தெடுத்துச் சேற்றில் ஊன்றும். ஒரு கை கொடுக்க மறு கை நடும். முடி தீர்ந்தால் எவரும் வரப்பேறிச் செல்வதில்லை. நடவு தொடங்குமுன்பே முடிகளை வயலெங்கும் கைக்கெட்டும் தொலைவில் வீசி வைத்திருப்பர். பேச்சும் நடக்கும், பாட்டும் நடக்கும். கை மட்டும் நிற்காது.

இக்காட்சியைக் கண்டு வளர்ந்த நம் மாணவச் செல்வங்கள் கணினியின் முன் அமர்ந்தவுடன் செய்வது என்ன? நான்கு சொற்களைத் தட்டுகின்றனர். உடனே வலக்கை விசைப்பலகையை விட்டு எழுகிறது. பக்கத்தில் கிடக்கும் சுட்டியைப் பற்றுகிறது. மவுஸ் என்று எல்லாரும் அழைக்கும் அச்சிறு கருவியை இழுத்து, திரையில் அம்புக்குறி எங்கே என்று கண்கள் தேடுகின்றன. அம்பு கிடைத்ததும் பட்டியலைத் திறந்து, உரிய சொல்லைக் கண்டு, சொடுக்கி, மீண்டும் கை விசைப்பலகைக்குத் திரும்புகிறது. திரும்பிய கை தன் இடத்தை மறந்துவிடுகிறது. ஆகவே கண்கள் திரையை விட்டுக் கீழே குனிந்து எழுத்தைத் தேடுகின்றன. ஒவ்வொரு நாற்றுக்கும் வரப்பேறி இறங்கினால் எத்தனை காணி நட முடியும்?

சுட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்பதன்று நம் கருத்து. தமிழ் பயிலும் மாணவர் முதலில் விசைப்பலகையைத் தம் கைவசமாக்க வேண்டும். அதன் பின்னரே சுட்டியைத் தொட வேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. இஃது ஏதோ விரைவுப் போட்டிக்கான அறிவுரை என்று எவரும் எண்ண வேண்டா. நம் துறையிலிருந்து வெளிவரும் ஆய்வேடுகள் யார் கையால் எழுதப்படுகின்றன என்னும் வினா இதில் அடங்கியுள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. பட்டியலைத் திறவாமல் இரண்டு மூன்று விசைகளை ஒருங்கே அழுத்திக் கணினிக்குக் கட்டளையிடும் முறையைக் குறுக்குவழி விசை என்று கலைச்சொல் ஆக்கியோர் வழங்குகின்றனர். தமிழில் குறுக்குவழி என்பது நற்பொருளில் வருவது அரிது. குறுக்கு வழியில் பொருள் சேர்த்தான் என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயோ என்னவோ, நம் ஆசிரியர்களுள் சிலர் இவ்விசைகளைச் சோம்பேறிகளின் உத்தியாகக் கருதுகின்றனர். உண்மையில் இவை குறுக்கே புகுந்து ஏமாற்றும் வழிகள் அல்ல. 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய், பழைய ஆறுகள் எட்டாத ஒரத்தநாட்டு மேட்டு நிலங்களுக்கு நீரைக் கொணர்ந்ததே, அதனை எவரும் குறுக்குவழி என்று இகழவில்லை. புது ஆறு என்றே அழைத்தனர். ஆகவே நாம் இக்கட்டுரையில் சுருக்கு விசை என்றே குறிப்போம்.

சுட்டியின் கதை

சுட்டியைப் படைத்த அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கல்பர்ட் விசைகளுக்குப் பகைவர் அல்லர். 1964ஆம் ஆண்டளவில் அவர் எண்ணத்தில் தோன்றிய அக்கருவியை மரப்பெட்டி வடிவில் செய்து கொடுத்தவர் அவருடைய உடன்பணியாளர் பில் இங்கிலிஷ். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் கூட்டத்தின் முன் எங்கல்பர்ட் தம் கணினியை இயக்கிக் காட்டியபோது, அவர் வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட மற்றொரு சிறு கருவி இருந்தது. ஆர்மோனியத்தில் பல கட்டைகளை ஒருங்கே அழுத்துவது போல அவ்வைந்து விசைகளைச் சேர்த்தழுத்தி எழுத்துகளையும் கட்டளைகளையும் அவர் செலுத்தினார். அதாவது, சுட்டி பிறந்தபோதே விசையோடு இணைந்து பிறந்தது. பின்வந்தோர் வலக்கைக் கருவியை உலகெங்கும் பரப்பினர். இடக்கைக் கருவியை மறந்தனர்.

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் முத்தொழிலும் 1970களில் கலிபோர்னியாவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் அவருடன் பணியாற்றியோரும் ஆக்கியளித்தவை. டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனம் சென்றார். அந்நிறுவனம் 1983இல் வெளியிட்ட லீசா கணினியில் மீளாக்கல், வெட்டல், படியெடுத்தல், ஒட்டல் ஆகிய நான்கும் ஆங்கில விசைப்பலகையின் கீழ் வரிசையில் இசட், எக்ஸ், சி, வி என அடுத்தடுத்து அமைந்தன. 2020இல் டெஸ்லர் மறைந்தார். நாள்தோறும் அவர் தந்த விசைகளை அழுத்தும் கோடிக்கணக்கானோர் அவர் பெயரை அறியார்.

நம் கட்சிக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் முறை. அதே ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் டாக்னசினி என்பார் 1989இல் ஒரு கருத்தை வெளியிட்டார். பயன்படுத்துவோர் அனைவரும் விசையே விரைவானது என்று சொல்கின்றனர். ஆனால் கடிகாரம் வைத்து அளந்தால் சுட்டியே முந்துகிறது என்பது அவர் துணிபு. எந்த விசை என்று நினைவுகூர்வதில் செல்லும் நேரத்தை மனம் கணக்கில் கொள்வதில்லை என்று அவர் காரணம் காட்டினார். புதிதாய் ஒரு விசையைக் கற்பவர்க்கு இஃது உண்மையே. ஆனால் பல்லாண்டு பழகிய கைக்கு நினைவுகூரும் வேலையே இல்லை. மிதிவண்டி ஓட்டுபவன் தடைக்கட்டையை எங்கே அழுத்துவது என்று சிந்திப்பதில்லை. மேலும், எழுதுபவனுக்கு நொடிக் கணக்கு பெரிதன்று. ஒரு தொடரின் பாதியில் கண்ணும் கையும் வேறிடம் சென்று மீளும்போது அத்தொடரின் மறுபாதி மனத்தில் இருக்கிறதா என்பதே வினா. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வருகிறது. எழுவாயை எழுதிவிட்டுச் சுட்டியைத் தேடிச் சென்றவன் திரும்பி வந்து ஒருமை பன்மை மயங்குவதை நாம் விடைத்தாள்களில் அன்று, கணினியில் எழுதிய ஒப்படைப்புகளில்தான் மிகுதியாகக் காண்கிறோம்.

தட்டச்சுப் பயிலகத்தின் கொடை

ஒரத்தநாடு கல்விக்குப் புதிய ஊர் அன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்குச் சோறிட்டதோடு நில்லாமல் மாணவர்க்குக் கல்வியும் அளித்தது. நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் தலைமுறையில் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பின் வாயிலைத் திறந்தவை கடைத்தெரு மாடிகளில் இயங்கிய தட்டச்சுப் பயிலகங்களே. பள்ளி முடிந்ததும், சுற்றுக் கிராமங்களிலிருந்து மிதிவண்டியிலும் பேருந்திலும் வந்து சேரும் மாணவிகள் ஒரு மணி நேரம் பொறியின் முன் அமர்வர். பொறிகள் அனைத்தும் ஒருங்கே ஒலிக்கும்போது தெருவில் நிற்போர்க்குத் தகரக் கூரையில் கோடை மழை பெய்வது போல் இருக்கும். யளனக என்று தொடங்கும் முதற்பாடத்தை விரல்கள் நூறு முறை, ஆயிரம் முறை அடிக்கும். விசையைப் பார்த்து அடித்தால் ஆசிரியர் விரலின் மேல் அட்டையை வைத்து மறைத்துவிடுவார். தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் வென்று அரசுப் பணி பெற்ற குடும்பங்கள் இப்பகுதியில் பலவுண்டு.

அப்பயிற்சியின் உயிர்நிலை யாது? கண் தாளின் மேல் இருக்கும். கை தானே இயங்கும். கண்ணுக்கும் கைக்கும் இடையே அமைந்த அந்த உடன்படிக்கையை நம் முன்னோர் நன்கறிவர். நெசவிலும் நடவிலும் அதுவே உள்ளது. அப்பயிலகங்களில் தேர்ந்தோர், கணினி வந்தபோது எவ்விதத் தடுமாற்றமும் இன்றி அதன்முன் அமர்ந்தனர். ஏனெனில் அக்காலக் கணினியில் சுட்டி இருந்ததில்லை. 1978இல் வெளிவந்த வேர்டுஸ்டார் என்னும் எழுத்துச் செயலியில் கன்ட்ரோல் விசையுடன் ஈ, எஸ், டி, எக்ஸ் ஆகிய நான்கையும் அழுத்தி மேலும் கீழும் இடமும் வலமும் நகர்வர். அந்நான்கும் இடக்கையின் கீழ் வைர வடிவில் அமைந்திருந்தன. பின்னர் வண்ணப் படங்களும் பட்டியல்களுமாய் விண்டோஸ் வந்தது. கற்பது எளிதாயிற்று, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் எளிதாய்க் கற்றவர் அவ்வெளிமையிலேயே நின்றுவிட்டனர். 2011 முதல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தால் நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் மடியிலும் கணினி வந்தது. பொறி வந்த அளவிற்குப் பத்து விரற் பயிற்சி வரவில்லை என்பது நம் கண்கூடு.

இங்கே ஆய்வேட்டின் கதைக்கு வருவோம். நாம் ஆய்வு செய்த காலத்தில் நெய்தல் திணைப் பாடல்களைப் பற்றிய நம் ஏட்டைக் கையால் எழுதி, ஒரு கணினித் தட்டச்சு நிலையத்தில் கொடுத்தோம். பக்கத்திற்கு இவ்வளவு எனக் கூலி பேசியாயிற்று. பிழை திருத்தத்திற்கு மூன்று முறை பேருந்தேறிச் சென்றோம். மூன்று முறை திருத்தியும், ஓரிடத்தில் ஆழி என்று நாம் எழுதியது ஆளி என்றே அச்சாகிவிட்டது. கடல் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கம் வந்து நின்றது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் புன்முறுவலோடு அப்பக்கத்தைத் திருப்பி, நெய்தல் நிலத்தில் இவ்விலங்கு எப்போது வந்தது என்று வினவினார். அவையோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் அவ்விரவு உறக்கம் வரவில்லை. தட்டியவர் மேல் பழியில்லை. அவர் தமிழ் பயின்றவர் அல்லர். நாள் முழுதும் திருமண அழைப்பிதழும் நில ஆவணமும் அடித்துக் களைத்த கை அது. பழி நம்முடையது. தன் எழுத்தைத் தானே எழுதத் தெரியாத தமிழ் மாணவனாய் நாம் இருந்தோம்.

இன்றும் அந்நிலை முற்றும் மாறவில்லை. கைப்பேசியில் விரலோட்டம் காட்டும் மாணவர்கூட முந்நூறு பக்க ஆய்வேடு என்றால் தட்டச்சு நிலையத்தைத் தேடிப் போகின்றனர். கூலி ஒருபுறம் இருக்கட்டும். ஏழை மாணவர்க்கு அதுவும் சிறு தொகை அன்று. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. எழுத எழுதத் திருத்துவதே சிந்தனை. பிறர் கையில் கொடுத்தபின் ஒரு பத்தியை இடம் மாற்றத் தோன்றினாலும், ஒரு பக்கத்தை நீக்கத் தோன்றினாலும், மீண்டும் அலைய வேண்டுமே என்று மாணவர் விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடப்பட்ட திருத்தங்கள் எத்தனையோ!

முப்பத்தொரு விசைகள்

தாமே எழுதத் துணியும் மாணவரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளால் தமிழை ஒலிபெயர்த்து எழுதும் முறையைக் கைக்கொள்கின்றனர். அம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துகள். எளிதுதான். ஆனால் ளகரத்திற்குப் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா, நகரத்திற்கு எது, னகரத்திற்கு எது என்று ஒவ்வொரு சொல்லிலும் தமிழ் எழுத்தை ஆங்கில ஆடை உடுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ் இலக்கணம் கற்பவர் கைக்கு இஃது ஏற்ற பயிற்சி ஆகாது.

தமிழ் விசைப்பலகையின் வரலாறு நெடிது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிற்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்க அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியையும் கொக்கியையும் முதலில் அடித்தால் உருளை நகராது நிற்கும். அடுத்து மெய்யின் வடிவை அடித்தால் இரண்டும் ஓரிடத்தில் பொருந்தும். பொறியின் இயல்புக்கு அஃது அருமையான தீர்வு. ஆயினும், கையால் எழுதும்போது எழுத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளி வைக்கும் நாம், பொறியில் புள்ளியை முன்னும் எழுத்தைப் பின்னும் அடிக்க வேண்டியதாயிற்று. கணினிக்கு அக்கட்டாயம் இல்லை.

1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதனையடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் விளைவாக உருவானதே தமிழ் 99 விசைப்பலகை. அவ்வாண்டே தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது. அதன் அமைப்பைத் தமிழ் மாணவர் ஒருமுறை உற்று நோக்க வேண்டுகிறோம். உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் இடக்கையின் கீழ் உள்ளன. மெய்கள் பதினெட்டில் வகரமும் ஙகரமும் நீங்கலாக ஏனையவை வலக்கையின் கீழ் உள்ளன. ஆக முப்பத்தொரு விசைகள். கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் ஷிஃப்ட் விசையின் துணை வேண்டும். இலக்கண நூலார் முதலெழுத்து முப்பது என்று வகுத்தனர். உயிர்மெய்யும் ஆய்தமும் பிறவும் சார்பெழுத்து என்றனர். இவ்விசைப்பலகையிலும் தனி விசை பெற்றவை முதலெழுத்துகளும் ஆய்தமுமே. இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் அவற்றின் புணர்ச்சியால் பிறக்கின்றன. ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் கி. ஒற்றைக் கொம்பானாலும் இரட்டைக் கொம்பானாலும், முன்னே வரைவதா பின்னே வரைவதா என்ற கவலை இல்லை. மெய் முன், உயிர் பின். வலக்கை மெய்யை நடுகிறது, இடக்கை உயிரைக் கொடுக்கிறது. நடவுப் பெண்களின் இரு கைகளும் ஈண்டு நினைவிற்கு வருகின்றன.

இதனினும் வியப்பானது புள்ளி வைக்கும் முறை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகிறது. அ, ப, ப, ஆ என்று அழுத்தினால் அப்பா. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினத்தை அழுத்தினாலும் புள்ளி தானே வந்துவிடுகிறது. த, ஞ, ச, ஐ என்னும் நான்கே அழுத்தத்தில் தஞ்சை நிற்கிறது. தம்பிக்கும் நான்கு, தங்கைக்கும் நான்கு. ஒரத்தநாடு என்று எழுத எட்டு அழுத்தம் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் முழுமையாய் எழுதினால் பதின்மூன்று ஆங்கில எழுத்துகள் செல்லும். நகரமும் தகரமும் இனம், ஞகரமும் சகரமும் இனம் என்று இன எழுத்துகளைப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தோமே, அவ்விலக்கணமே இங்குச் சுருக்கு விசையாய் நின்று பணி செய்கிறது. வேறொரு மொழியினரின் வசதிக்காக அமைந்த சுருக்கு விசைகளைக் கற்கும் நாம், நம் மொழியின் இயல்பே நமக்குத் தரும் சுருக்கு விசையைக் கல்லாமல் இருப்பது நேரியதா?

இம்முறை இன்று விண்டோஸிலும் ஆப்பிள் கணினியிலும் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் மாறலாம். இதற்கும் சுட்டி வேண்டா.

ஒரு விளையாட்டுப் போன்ற குறிப்பையும் சொல்லிவிடுகிறோம். டெஸ்லர் காலத்து விசைகளைத் தமிழ் 99 வழியே நோக்கினால் அவை தமிழ்ப் பெயர் பெற்றுவிடுகின்றன. கன்ட்ரோலுடன் ஏ என்பது முழுவதையும் தேர்ந்தெடுக்கும். அவ்விசையில் இருப்பது அகரம், அனைத்தும். எஸ் என்பது சேமிக்கும். அதில் இருப்பது இகரம், இருத்து. சி என்பது படியெடுக்கும். அதில் ஒகரம், ஒற்றியெடு. வி என்பது ஒட்டும். அதில் வகரம், வை. எஃப் என்பது தேடும். அதில் ஆய்தம், ஆய்ந்து பார். தவறாய் அழித்துவிட்டதை மீட்கும் இசட் விசையில் ஔகாரம் உள்ளது. அந்நேரத்தில் நம் வாயிலும் ஏறத்தாழ அவ்வொலியே எழுகிறது! இவையெல்லாம் தற்செயலாய் நேர்ந்த பொருத்தங்களே. ஆயினும் முதலாண்டு மாணவர்க்கு இவ்வாறு கூறியபோது ஒரே வகுப்பில் அனைவர்க்கும் பதிந்துவிட்டதை நாம் கண்டோம்.

ஆய்வேடு எழுதுவோர்க்கு இன்றியமையாதவை மிகப் பல அல்ல. வேர்டு செயலியில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டுடன் எஃப் அழுத்தினால் அடிக்குறிப்பு எண்ணோடு அமைந்துவிடும். அவ்விரண்டுடன் ஒன்று என்னும் எண்ணை அழுத்தினால் இயல் தலைப்பு ஆகும். தலைப்புகளை இவ்வாறு குறித்து வந்தால் பொருளடக்கத்தைக் கணினியே ஆக்கித் தரும். கன்ட்ரோலுடன் எச் அழுத்தினால் ஏடு முழுதும் ஒரு பிழையைக் கண்டு திருத்தலாம். நம் ஆழி ஆளியானதை அன்று இவ்விசை அறிந்திருந்தால் ஒரு நொடியில் மீட்டிருப்போம். ஷிஃப்டுடன் எஃப் 5 அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடத்திற்குச் செல்லலாம். ஆல்ட் விசையை மட்டும் தனியே அழுத்திப் பாருங்கள். மேலுள்ள பட்டியல் ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய எழுத்துத் தோன்றும். மனப்பாடம் தேவையில்லை, கணினியே சொல்லிக் கொடுக்கிறது. தமிழுக்கென்று ஒரு நுட்பமும் உண்டு. பின்னழிப்பு விசையை அழுத்தினால் கி என்பதில் கொக்கி மட்டும் போய்க் ககரம் எஞ்சும். முன்னின்று டெலிட் விசையை அழுத்தினால் எழுத்து முழுதும் போய்விடும். இதனை அறியாத மாணவர் ஓர் உயிர்க்குறியைத் திருத்துவதற்குச் சொல் முழுவதையும் அழித்து எழுதுகின்றனர்.

சுட்டி இல்லாத மாணவர்

இதுவரை கூறியன வசதியைப் பற்றியவை. வேறு வழியே இல்லாதவர் ஒருவரைப் பற்றியும் கூற வேண்டும். நம் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயின்றார். அம்புக்குறியைக் காணாதவர்க்குச் சுட்டியால் என்ன பயன்? அவர் கணினியில் சுட்டியே இராது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைபடிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. திரையிலுள்ள தமிழையும் அது வாசித்துச் சொல்லும். அதன் குரலைக் காதணியில் கேட்டவாறே அம்மாணவர் தலைப்பிலிருந்து தலைப்பிற்கு எச் விசையாலும், இணைப்பிலிருந்து இணைப்பிற்குக் கே விசையாலும் தாவிச் செல்வார். கட்டுரையைத் தமிழ் 99இல் அவரே எழுதினார். நம் வகுப்பில் எழுத்துப் பிழை குறைந்த ஒப்படைப்பு அவருடையதாகவே இருந்தது.

ஒருநாள் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்ப அமர்ந்தார். இருபது கட்டங்களையும் டேப் விசையால் கடந்து நிரப்பிவிட்டார். இறுதியில் சமர்ப்பிக்கும் பொத்தான் மட்டும் விசைக்கு அகப்படவில்லை. சுட்டியால் சொடுக்கினால் மட்டுமே இயங்குமாறு அதனை எவரோ அமைத்திருந்தனர். அரை மணி நேரம் முயன்றபின் அவர் நம்மை அழைத்து, ஐயா, இந்த ஒன்றை மட்டும் அழுத்திக் கொடுங்கள் என்றார். அழுத்திக் கொடுத்தோம். எனினும் அவ்வொன்றுக்காக அவர் பிறரை நாட வேண்டியிருந்தது நம் நெஞ்சை விட்டகலவில்லை. எல்லாச் செயலும் விசைப்பலகையால் இயலுதல் வேண்டும் என்று இணையத்தளங்களை அணுகற்குரிய உலகளாவிய நெறிமுறை 2008இலேயே வகுத்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பம் அவர்கட்கும் எட்ட வேண்டும் என்று நம் நாட்டில் ஆணையிடுகிறது. ஆயினும் செய்நிரல் எழுதுவோர் சுட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம் பக்கத்தை ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தாலன்றி இக்குறை புலப்படாது. நம் கல்லூரியில் கணினி அறிவியல் பயில்வோரும் இம்மலரைப் படிப்பர் என்பதனால் இதனை ஈண்டு விரித்தெழுதினோம்.

குரலாலேயே எழுதும் காலம் வந்துவிட்டது, இனி விசைப்பலகை எதற்கு என்பாரும் உளர். கைப்பேசியிடம் பேசினால் அது எழுதித் தருகிறது, உண்மை. ஒரு கடிதத்திற்கு அது போதும். ஆனால் வல்லினம் மிகும் இடத்திலும் மிகா இடத்திலும் அது செய்யும் குழப்பத்தைத் திருத்துவதற்கு மீண்டும் விசைப்பலகைக்குத்தான் வர வேண்டும். படம் வரைவோர்க்கும் அட்டை வடிவமைப்போர்க்கும் சுட்டியே ஏற்றது என்பதை மறுப்பார் இல்லை. இம்மலரின் அட்டையும் சுட்டியால் ஆனதுதான்.

நாம் வேண்டுவது சிறிது. தமிழ்த்துறையில் சேரும் முதலாண்டு மாணவர்க்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழ் 99 பயிற்சி அளிக்க வேண்டும். முதற்பருவம் முழுதும் ஆய்வகத்தில் அவர்கள் அமரும் கணினிகளில் சுட்டிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இரண்டாம் பருவத்தில் திருப்பிக் கொடுக்கலாம். பயிற்றுவிப்போர்க்குப் பஞ்சமில்லை, ஒரத்தநாட்டிலும் பட்டுக்கோட்டையிலும் தட்டச்சுப் பயிலகம் நடத்திய மூத்தோர் இன்றும் உள்ளனர். யளனக அடித்த விரல்களுக்குப் புதிய வரிசை பழகச் சில நாள் பிடிக்கும். ஆனால் பார்க்காமல் அடிக்கும் கலையை அவர்களினும் நன்கு சொல்லித் தருவார் யார்? முதுகலை மாணவர் தம் திட்டக் கட்டுரையைத் தம் கையாலேயே எழுதினார் என்று நெறியாளர் சான்றளிக்கும் வழக்கமும் வர வேண்டும்.

கடந்த பருவத்தில் பத்து மாணவரைக் கொண்டு இதனை நாமே ஒருமுறை செய்து பார்த்தோம். சுட்டிகளைக் கழற்றிய முதல் நாள் ஆய்வகத்தில் ஒரே முணுமுணுப்பு. கணினியை எப்படி அணைப்பது என்று ஒருவர் கேட்டார். ஆல்ட் விசையுடன் எஃப் 4 என்றோம். மூன்றாம் வாரம் முணுமுணுப்பு அடங்கி, விசைகளின் ஒலி மட்டும் கேட்டது. ஒரத்தநாட்டை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர், விதைநெல் தூற்றிய கையோடு வந்தவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். அப்பக்கத்தில் இரண்டு சந்திப் பிழைகள் இருந்தன. ஒன்றை நாம் காட்டுமுன்பே அவரே கண்டு திருத்திக்கொண்டிருந்தார்.